செபஸ்தியாரின் விலா அம்பு

விலாவில் மிச்சமிருந்த ஒற்றை அம்போடு நின்ற மரச்சுரூபத்தை மதிய வேளையில் துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை இஞ்ஞாசியிடம், செபஸ்தியார் வாய் திறந்தார். "ஏல, இந்த அம்ப உருவிவிடு. பொறுக்க முடியல."

"அதையும் உருவிட்டா நீரு யாருன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று முனகிக்கொண்டே இஞ்ஞாசி உருவிக் கீழே போட்டார். புனிதர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

சாயங்காலம் செபமாலைக்கு வந்தவர்கள் தரையில் கிடந்த அம்பைக் கண்டு, புனிதர் அற்புதப் புதுமை செய்துவிட்டாரென்று முழங்காலிட்டார்கள். ஞாயிறு பூசைக்குள் அது கண்ணாடிப் பேழைக்குப் போய்விட்டது. நன்றிக் காணிக்கையாக ஏழு வெள்ளி அம்புகள் வந்து சேர்ந்தன. பங்குச்சாமியார் இஞ்ஞாசியிடம் சுத்தியலை நீட்டினார். "ஆழமா அடியும். இனி ஒண்ணும் விழக்கூடாது."

ஏணியில் ஏறியவரின் காதோரம் செபஸ்தியார் கிசுகிசுத்தார். "ஏல, அந்தப் பழைய அம்பையே குத்திரு."