கையெழுத்து புரியல, சார்

“சார், கையெழுத்து புரியல. திரும்ப எழுதித் தர்றீங்களா?”

புது நர்ஸ் இப்படிக் கேட்டதும் வார்டே கப்சிப்.

கேட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பெரிய டாக்டரை. மருத்துவக் கல்லூரியில் அவருக்கு அச்சு சார் என்று பட்டப்பெயர். அவர் எழுத்து அப்படி, அச்சடித்த மாதிரி இருக்கும். எந்த டாக்டர் சீட்டையும் படிக்கத் தெரியாதவர்கள்கூட அவர் சீட்டைப் படித்துவிடுவார்கள்.

பின்னால் பத்து மாணவர்கள் நோட்டும் கையுமாக நின்றிருந்தார்கள். பாதுகாப்பாக மருந்து எழுதுவது எப்படி என்று இந்த மாதம் முழுக்க அவருடைய பாடம்தான்.

அச்சு சாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“முப்பது வருஷத்துல என்னை இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான், சிஸ்டர்.”

“மன்னிச்சுக்குங்க, சார். எனக்குத்தான் சரியாத் தெரியல.”

வெடுக்கென்று சீட்டை வாங்கி எழுத ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

படுக்கையில் இருந்த பெரியவருக்கு ஏற்கெனவே வயிற்றுப்புண். அவருடைய முட்டிவலிக்கு, புண்ணை இன்னும் கிளறிவிடுகிற வலி மாத்திரையை எழுதியிருந்தார். அதுவும் எப்போது? “வயித்துப்புண் இருக்கான்னு கேக்காம வலி மாத்திரை எழுதாதீங்க” என்று மாணவர்கள் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டே. வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை.

சத்தம் காட்டாமல் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, பசங்க யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கோ எழுத்தே தெரியவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று நடையைக் கட்டினார்.

அடுத்த வாரம் ஒரு அம்மாவுக்குப் படபடப்பு. கூடவே ரொம்ப வருஷமாக மூச்சிழுப்பு.

“பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க வறட்டு இருமல்னு வந்தா, உடனே இருமல் மருந்துக்குத் தாவாதீங்க. சில பிரஷர் மாத்திரையே இருமலைக் கொண்டுவரும். முதல்ல அதைச் சந்தேகப்படுங்க” என்று அச்சு சார் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், கையெழுத்து...”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்த நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூணாவது மாதம் அச்சு சார் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். இது தெரிந்தும் எப்படி இப்படிக் கேட்கிறாள் என்று மற்ற நர்ஸுகள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள்.

முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எழுதப்போனவர் பழைய சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். படபடப்புக்கு அவர் எழுதியிருந்தது இழுப்பை அதிகமாக்கிவிடும் மாத்திரை. பேனா பாட்டுக்கு அதையும் மாற்றியது. இந்தத் தடவையும் அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

மூணாவது தடவைதான் வினை வந்தது. அன்றைக்கு ஒரு தாத்தாவுக்கு இதய மாத்திரை.

“இந்த இதய மாத்திரையில புள்ளியை மதிக்கணும். ஒரு இடம் தள்ளிப் போச்சுன்னா மருந்து பத்து மடங்கு ஆயிடும். வாந்தி வரும், பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியும், நாடி தாறுமாறா ஓடும்” என்று சொல்லியபடி சீட்டை நீட்டினார்.

நர்ஸ் பார்த்தாள். தயங்கினாள்.

“சார்...”

“சொல்லாதீங்க.”

“புரியல, சார்.”

இப்போது பத்து பேருமே சிரித்துவிட்டார்கள். அச்சு சாருக்கு மானமே போன மாதிரி இருந்தது.

“கோளாறு என் எழுத்துல இல்ல, உங்க கண்ணுல. நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. ரிப்போர்ட்டோட வாங்க. பார்வை சரியில்லைன்னா இந்த வார்டுல உங்களுக்கு வேலை இல்ல.”

நர்ஸ் முகம் சுண்டிப்போய்விட்டது. உடனே கிளம்பினாள். போகிறவள் அந்தச் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

“பாருங்க, வேற யாரும் மாத்திரை குடுத்துடக் கூடாதாம். என்ன திமிர்” என்று அச்சு சார் பொருமினார்.

அரை மணி நேரத்தில் ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். அதை வாங்கி, பக்கத்தில் இருந்த மாணவனிடம் கொடுத்தார்.

“சத்தமாப் படிப்பா. எல்லாரும் கேக்கட்டும்.”

மாணவன் படித்தான்.

“இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தார். அதற்கும் கீழே, மூலையில், பலகையை அச்சடித்தவர்களின் போன் நம்பர் இருப்பது இத்தனை வருஷமாக எங்களுக்கே தெரியாது. அதையும் படித்தார்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

“இன்னும் புரியல, சார்.”

அச்சு சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 0.25 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2.5. அச்சடித்த மாதிரி, அவ்வளவு தெளிவு.

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. நர்ஸை ஜன்னலோரம் கூப்பிட்டுப் போனார்.

“மூணு தடவையும் தெரிஞ்சேதான் கேட்டீங்களா?”

தலையாட்டினாள்.

“தப்புன்னு நேரா சொல்லிட வேண்டியதுதானே? உங்க வேலையே போயிருக்குமேம்மா.”

“பக்கத்துல பேஷண்ட் கேட்டுட்டு இருக்காங்க, சார். டாக்டரே தப்பா எழுதறாருன்னு பயந்துட்டா, நாளைக்கு நீங்க சரியா எழுதற மாத்திரையையும் முழுங்க மாட்டாங்க.”

அச்சு சாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை இறுக மூடிக்கொண்டு, நிதானமாக, புதுச் சீட்டு எழுதினார்.

“இப்போ புரியுதாம்மா?”

“முத்து முத்தா இருக்கு, சார்.”

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் நோட்டுல எழுதிக்கங்க. நர்ஸ் கையெழுத்து புரியலைன்னு சொன்னா, மூச்சுக் காட்டாம வாங்கித் திரும்ப எழுதணும்.”

முன்னால் நின்ற மாணவி கேட்டாள். “நம்ம கையெழுத்து நல்லா இருந்தாலுமா, சார்?”

“நல்லா இருந்தா, ரெண்டு தடவை.”