எந்த நீலம் நல்ல நீலம்?

ஷார்ஜாவிலிருந்து கணவர் சங்கரலிங்கம் பேசுகிறார் என்றதும் மாடத்தி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவுக்கே அங்கேதான் டெலிபோன் இருந்தது.

“புது வீடியோ கேமைப் போட்டுப் பார்த்தியா? போன வருஷம் அனுப்பினதைவிடக் கலர் எப்படி?”

“பழசுல வானம் வெளுத்துக் கிடந்துச்சுங்க. இதுல நல்ல நீலம். புல்லுகூடப் பச்சைப்பசேல்னு இருக்கு.”

“சிவப்பு? பழசுல சிவப்பு கலங்கும்னு எங்க கடையில எல்லாரும் சொல்றாங்க.”

“இதுல கலங்கலே. குங்குமம் மாதிரி இருக்கு.”

“அப்ப ஒரு குறையும் இல்லை. ஓணத்துக்கு வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடலாம்.”

பேச்சு முடிந்த பிறகும் மாடத்தி ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கார சரோஜம்மா சிரித்தாள். “உங்க வீட்டு டி.வி. பிளாக் அண்ட் ஒயிட் அல்லே? இத்தனை கலரை எங்கே கண்டே?”

“எங்கேயும் காணலே சேச்சி. அவர் போன பிறகு எங்க அண்ணன் தந்தது கலர் டி.வி.ன்னு அவர்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். கல்யாணம் ஆகி ஒரு மாசம்தான் கூட இருந்தாரு. உள்ளதைச் சொன்னா, கலர் டி.வி. வாங்கிட்டுத்தான் வருவேன்னு இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருந்துடுவாரு.”