மடிப்பு மாறிய கிமோனோ

கியோட்டோ நாடகக் கொட்டகை வாசலில் ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து ஷிகெனோ கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஒரு சின்னப் பெட்டியில் மாமியாரின் பவழக் கொண்டை ஊசி. முப்பது வருடம் நச்சரித்து, போன வாரம்தான் கைக்கு வந்தது. அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ள, பட்டறையில் மெருகு போட்டு வாங்கி நேரே இங்கே வந்திருந்தாள்.

"தொலைச்சேன்னா அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிக்கோ. நான் வரமாட்டேன்" என்றார் கணவர் டோகுஜி.

"அந்தப் பழுப்புக் கோட்டு ஆளைப் பாருங்க. மூணாவது தடவையா என் பக்கம் வர்றான்."

"உன் பின்னாடி கழிப்பறை இருக்குடி. பாவம், சர்க்கரை வியாதியோ என்னவோ!"

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். அருமையான நீலப்பட்டுக் கிமோனோ. ஆனால் வலது மடிப்பு மேலே! புதுத்துணியில் தையல்காரர் ஓட்டிய வெள்ளை நூலைக்கூடக் கைமடிப்பிலிருந்து உருவவில்லை.

"ஐயையோ! பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்காளே!"

"ஊரார் உடுப்பு உனக்கெதுக்கு?"

"நீங்க சும்மா இருங்க."

பெண்கள் அறைக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனாள் ஷிகெனோ.

"யாரும்மா கட்டிவிட்டது?"

"நானேதாம்மா. போன்ல என்னையே பாத்துக் கட்டினேன். இடம் வலம் மாறிடுச்சு போல."

"நல்ல போன்! உசிரோட இருக்கிறவங்களுக்கு இடது மடிப்புதான் மேலே வரணும்."

இடுப்புப் பட்டையை அவிழ்த்துக் கட்ட இரண்டு கையும் வேண்டும். பையைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"இதைப் பிடிச்சுக்கோ. பத்திரம். வெளியில ஒரு திருட்டு முழி நிக்குது."

"உசிரே போனாலும் விடமாட்டேம்மா."

ஷிகெனோ பின்னால் நின்று, மூச்சுவாங்க முடிச்சுப் போட்டாள். வெள்ளை நூலையும் உருவி எறிந்தாள். அந்தப் பெண் தலை தாழ்த்தி வணங்கி, இரண்டு கையாலும் பையைத் திருப்பித் தந்தாள். ஷிகெனோ உள்ளே தடவிப் பார்த்தாள். ஊசிப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

நாடகம் முழுக்க அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. மூன்று வரிசை தள்ளித் தூங்கி வழிந்த பழுப்புக் கோட்டின் மேல்தான் கண்.

அதே நேரம், ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு கொட்டகைக் கழிப்பறையில், பவழ ஊசியைப் பட்டைக்குள் செருகிவிட்டு, அந்தப் பெண் வலது மடிப்பைக் கவனமாக மேலே கொண்டுவந்து, கைமடிப்பில் புதிதாக ஒரு வெள்ளை நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.