விடுபட்ட வரிசை

வெள்ளை அடித்த கூரைக்கு மறுபடியும் துரு நிறம் அடி என்று சொன்னால் எந்தப் பெயின்டருக்கும் முதலில் சிரிப்புதான் வரும்.

அவனுக்கும் வந்தது. மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவன் தகரக் கூரையின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு டப்பா ரெட் ஆக்சைடு, துரு நிறப் பெயின்ட். மேற்பார்வையாளர் ஏணியின் மேல்படியோடு நின்றுகொண்டார். புது ஷூ. கூரையில் கால் வைத்தால் அதற்கு என்ன ஆகிவிடுமோ.

உண்மையில் இந்தக் கூரையில் தாராளமாகக் கால் வைக்கலாம். முந்தாநாள் அவன் அடித்த வெள்ளை, வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் உட்கார்ந்தால் தோல் கழன்று வந்துவிடும்.

அரசாங்கப் பணத்தில் நடக்கிற திட்டம். கூரை வெள்ளையானால் வீட்டுக்குள் சூடு குறையும். மின்விசிறி ஓயும், மின்சாரம் மிச்சமாகும், எங்கேயோ ஒரு புகைபோக்கியில் கொஞ்சம் புகை குறையும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல திட்டம். அதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

இருநூறு வீடுகளுக்கு அடித்தாயிற்று. நட்டநடுவில் மட்டும் வரிசையாகப் பதினோரு வீடுகள் பட்டியலில் இல்லை. அதில் ஒன்றுதான் இது.

இந்த வீட்டில் ஒரு எட்டு மாதக் குழந்தை. உடம்பெல்லாம் வியர்க்குரு வெடித்துப் புண்ணாகி, பகல் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் இணைத்து அதன் அம்மா மூன்று முறை மனு கொடுத்தாள். மூன்று முறையும் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் வாயில் மண் விழ.

அதனால்தான் விடுமுறை நாளில், வாளியில் மிஞ்சிய பெயின்டை வழித்தெடுத்து வந்து, யாரிடமும் கேட்காமல் அடித்துக் கொடுத்தான்.

"மிச்சம் கிடந்ததுதானே சார். கீழ கொட்டியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"பெயின்ட்டப் பத்தி யாருய்யா கேட்டா? இங்க பாரு" என்று மேற்பார்வையாளர் கைபேசியை நீட்டினார்.

வானத்திலிருந்து எடுத்த படம். தெருவும் சந்தும் அதில் தெரியவில்லை. பழுப்புத் தரையில் வெள்ளையாக ஒரு இலை தெரிந்தது. அவன் பனியனில், நெஞ்சுக்கு மேல் அச்சடித்திருக்கும் அதே இலை. திட்டத்தின் சின்னம்.

இலைக்கு நடுவே, அடிக்காமல் விட்ட பதினோரு வீடுகளும் சேர்ந்து ஒரு கோடு. நடு நரம்பு. அந்த நரம்பு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அந்த இடத்தில்தான் அவன் இப்போது உட்கார்ந்திருந்தான்.

"புழு அரிச்ச மாதிரி இருக்குல்ல? நாளைக்குப் பெரியவங்க இதைத்தான் திரையில போட்டுப் பாக்கப் போறாங்க. வருஷா வருஷம் பாப்பாங்க."

அப்படியென்றால் எந்த வீட்டில் எவ்வளவு சூடு என்று யாரும் அளக்கவில்லை. மனுவை யாரும் படிக்கவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து எவனோ வரைபடத்தின் மேல் ஒரு இலையை வரைந்திருக்கிறான். அது அழகாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்திருப்பான்.

அவனுக்கு அந்தப் பனியனைக் கழற்றிச் சுருட்டி வரைந்தவன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

"முடியாது சார்."

மேற்பார்வையாளருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்து இலையின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். கீழே நீட்டிக்கொண்டிருந்த காம்பில் மூன்று வீடுகள் இருந்தன.

"காம்பு லேசாக் கோணலா இருக்குன்னு மேல சொல்றாங்க. நடுவுல ஒரு வீட்டைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டா நேராயிடும். நீயே யோசிச்சுச் சொல்லு."

சொல்லிவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

நடுவில் இருந்தது அவனுடைய வீடு.

தெருக்கோடியில் மூன்றே வீடுகளுக்குத்தான் வெள்ளை கிடைத்திருந்தது. தான் எழுதிய மனு அப்படி என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தான். இந்த வீட்டுக்காரிக்கும் அவன்தான் எழுதிக் கொடுத்தான், மூன்று முறையும். இந்நேரம் அவனுடைய இரண்டு பெண்களும் அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, வெறுந்தரையில் பாயை விரித்து நிம்மதியாகப் படுத்திருப்பார்கள்.

அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கை அதை நோக்கிப் போவதைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பியதும் மூடி டப்பென்று திறந்துகொண்டது.

அந்தச் சத்தம் கேட்டுக் குழந்தையின் அம்மா வாசலுக்கு வந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூரையின் மேல்பக்கம் தெரியாது. அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, நேத்துதான் முதல் தடவையா பகல்ல தூங்குச்சு. இப்பவும் தூங்குது. ரெண்டாவது கோட் அடிக்கப் போறீங்களாண்ணே?"

"ஆமாம்மா" என்றான். "நீ போய்ப் பக்கத்துல இரு. சத்தம் போடாம அடிக்கிறேன்."