ஹெரால்டு, பக்கம் பதினேழு

பத்திரிகைப் பக்கத்தை அவள் காலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். படம் சூரியனைப் பார்க்க, அதன் பின்பக்கம் நடுவரைப் பார்த்தது.

"இப்பப் பாருங்க" என்றாள்.

பழைய கார்க் கண்காட்சியின் நடுவர் சுதர்சனம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பின்பக்கத்து டயர் விளம்பரத்தின் ஊடே கார் மங்கலாகத் தெரிந்தது.

ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது.

ஐம்பது வருஷமாக அது இடது பக்கம் இருந்தது. காரில் அல்ல, படத்தில்.

கோவையில் பழைய கார்ப் பித்துப் பிடித்த யாரைக் கேட்டாலும் இந்தப் படத்தைச் சொல்வார்கள். 1974இல் பம்பாயிலிருந்து வந்த ஒரு கார் பத்திரிகை, பதினேழாம் பக்கம். கூரையை அறுத்தெறிந்து, மூக்கை நீட்டி, எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டில் மீன்வால் மாதிரி பின்பக்கம் அடித்துச் சேர்த்த ஒரு ஹெரால்டு கார். நம்பர் பலகைகூட இன்னும் மாட்டவில்லை. பக்கத்தில், இடது கையில் சுத்தியலோடு அவளுடைய அப்பா வரதராஜுலு. படத்தின் ஓரத்தில் அம்மா, பாதி வெட்டுப்பட்டு.

ஸ்டியரிங் ஏன் இடது பக்கம்?

மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பாணிக்காக மாற்றினார், போலீஸ் தொல்லைக்குப் பயந்து திரும்பவும் பழையபடி வைத்துவிட்டார் என்று ஒரு ரசிகர் எழுதினார். அதற்கான துளைகளைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக இன்னொருவர் எழுதினார். படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கார்ப் பைத்தியங்கள் அப்படித்தான். வண்டியைத் திருகாணி திருகாணியாகப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

அவள் ஆளைப் பார்த்தாள்.

அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. அப்பாவின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது.

அப்போதும் சும்மா இருந்திருப்பாள். ஆனால் போன மாதம், இந்தக் கண்காட்சிக்காக வண்டியைச் சரிபார்க்கக் கொடுத்தபோது, தகடு தட்டுகிற டிங்கர் அபுதாகிர் வால் தகட்டுக்கு அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தார்.

"இத அடிச்சது நொட்டாங்கைக்காரருங்கக்கா. அடி பூராவும் ஒரே பக்கமாச் சாஞ்சு கெடக்குது."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றுதான் ஊரே சொல்லும். படத்தில் சுத்தியல் இடது கையில்தானே இருக்கிறது.

படத்தைத் திருப்பினால் சுத்தியல் வலது கைக்குப் போய்விடுகிறது.

அப்பா எழுதியது, சவரம் செய்தது எல்லாம் வலது கையால். அவள் வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். காய் நறுக்குவது, கோலம் போடுவது, கதவுக்கு ஆணி அடிப்பது எல்லாம் அம்மாவுக்கு இடது கைதான். சோறு மட்டும் வலது கை. அது சின்ன வயதில் அதட்டிப் பழக்கியது.

அம்மாவிடம் கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

அதனால்தான் இன்று கண்காட்சி மைதானத்தில், வண்டிக்கு முன்னால் வைத்திருந்த பலகையில் 'உருவாக்கியவர்: வரதராஜுலு' என்று ஒட்டியிருந்த தாளை அவள் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் அம்மாவின் பெயர் வராமல் வண்டியைக் கிளப்புவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நடுவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அம்மிணி, உங்கப்பா இருந்திருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"அவர் இருக்கறப்பவே செஞ்சிருக்கோணும்ங்க. எனக்கு அப்பத் தெரியல."

அப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கோபமும் அதனால்தான். முப்பத்தெட்டு வருஷம் ஊர் புகழ்ந்ததைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை மறுக்காமல் போய்ச் சேர்ந்த மனிதர்.

சுதர்சனம் பந்தலைப் பார்த்தார். அங்கே நாற்காலியில், மடியில் மோர் டம்ளரோடு, எண்பத்தொரு வயதில் அம்மா.

"அவங்க வாயால சொல்லட்டும். எழுதிக்கறேன்."

அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால்?

சொன்னாலும் அந்தத் தாளைத் திரும்ப ஒட்டப்போவதில்லை. பலகை காலியாகவே இருக்கட்டும்.

நடுவர் அம்மாவுக்கு முன்னால் குனிந்தார்.

"ஏனுங்கம்மா, இந்த வண்டிய அடிச்சது நீங்களா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணால்கூட எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மோர் டம்ளர் கீழே இறங்கியது. அம்மா எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல் வண்டிவரை நடந்தாள்.

வால் தகட்டின் மேல் இடது கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். பின்விளக்குக்கு மேலே கை நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், லேசாக உள்வாங்கி, அங்கே மட்டும் பளபளப்பு உடைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

"இந்த எடம் மட்டும் அவர் அடிச்சதுங்க" என்றாள். "ஆசைப்பட்டாரு, குடுத்தேன். குடுத்திருக்கக் கூடாது."

சுதர்சனம் அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார்.

பிறகு பேனாவைத் திறந்தார். ஐம்பது வருஷமாக இந்த வண்டியைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்த மனிதர், அம்மாவிடம் அவள் பெயர் என்ன என்று கேட்டார்.