அபிஷேகப் பாத்திரம்

ஓர் இனத்தின் ஆன்மா அதன் பாத்திரங்களில்தான் தங்கியிருக்கிறது.

அவன் இதைச் சொன்னபோது மகள் ஒரு ஷூவைக் கழற்றி, உள்ளே உறுத்திய கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை. ஜெர்மனிக்கு வந்த பிறகு மழை ஞாயிறுகள் எல்லாம் மியூசியத்துக்கு என்று ஆகிவிட்டன. போன வாரம் ரயில் என்ஜின்கள். இந்த வாரம் ஆசியா.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைப் பாத்திரம். விரிந்த வாய், ஒடுங்கிய இடை, உருண்ட வயிறு.

பக்கத்தில் வெறும் எண். விளக்கமெல்லாம் எதிர்ச் சுவரில்.

"நம்ம பொருளுக்கு இவங்க விளக்கம் சொல்லி நாம தெரிஞ்சுக்கணுமா?"

அவனே விளக்கினான். சோழர் காலம். அபிஷேகப் பாத்திரம். இந்த இடையின் ஒடுக்கம் இருக்கிறதே, அது பிரபஞ்சத்தின் உடுக்கை.

மனைவி பாத்திரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

அவன் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

காவலர் இருமினார்.

கைகூப்பி நின்றதை மனைவிதான் படம் எடுத்தாள். 'முன்னோர் முன் நான்' என்று எழுதி, அங்கிருந்தே தமிழ் மன்றத்தின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினான். அடுத்த ஞாயிறு மன்றத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கிறான்.

கும்பிடும் கைகள் மளமளவென்று வந்து விழுந்தன. எதிர்த்து நிற்கும் காரைக்குடி வைரவன் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

மகள் எதிர்ச் சுவரைப் படித்துவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, ஏதோ இலையை மென்னுட்டு இதுலதான் துப்புவாங்களாம்!"

"படிக்கம்," என்றாள் மனைவி. "எங்க வீட்ல ரெண்டு இருந்துச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் விளக்கம் வேணாம்னீங்க."

அவன் போனை எடுத்தான். மொழிப்பற்றில் அதையும் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தான். மற்ற நாட்களில் எழுத்துக் கூட்டிப் படிப்பான். இன்று அதற்கு நேரமில்லை. 'நீக்கு' என்று முதலில் கண்ணில் பட்டது எதுவோ, அதை அழுத்தினான்.

படம் மறைந்தது.

மூச்சு வந்தது.

அடுத்த அறை ஜப்பான். அவன் எதையும் விளக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்ததையெல்லாம் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

படம் அவனுடைய போனிலிருந்து மட்டும்தான் போயிருந்தது.