சண்டைக்கு ஓர் ஆள்

"இதுக்குப் பேர் தையலா? கண்ணை மூடிக்கிட்டு மிதிச்சியா?"

வந்ததும் வராததுமாக, ஜன்னல் திரையை மேஜைமேல் வீசினாள் ஓரகத்தி.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளிடம் யாரும் குரல் உயர்த்தியதே இல்லை. கணவன் வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கிறான். மகள் டிவியைத் தொடுவதில்லை. எதிர்வீட்டுக்காரி துக்கம் விசாரிக்க வந்தவள் போல் வாசலிலேயே நின்று கையைப் பிசைகிறாள்.

தையல்காரிக்கோ ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை அப்படி நடுங்குகிறது. திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பம்.

"அக்கா, அது போன வருஷம் தைச்சது."

"போன வருஷம் தைச்சா கோணலா இருக்கலாமா?"

"உங்க வீட்டு ஜன்னல் கோணல். அதுக்கு நான் என்ன பண்றது?"

"அரைகுறையா தைச்சுட்டு ஜன்னல் மேல பழி போடறியா?"

"அரைகுறையா? தெருவே என்கிட்டதான் தைக்குது!"

"வேற ஆள் கிடைக்காம."

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! கல்யாணமான புதிதில் நடந்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள் தையல்காரி. திட்டிக்கொண்டே பழைய தையலைப் பிரித்தாள். திட்டிக்கொண்டே நூல் கோத்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது. விளிம்பு, கோடு போட்ட மாதிரி நேராக வந்து விழுந்தது.

"இந்தாங்க, கொண்டுபோய் மாட்டுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!"

"ஏன் வரக்கூடாது? இது என் கொழுந்தன் வீடு!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள்.

'கொஞ்சமாவது இரக்கம் இருக்கா இவளுக்கு? இந்த நேரத்துலயுமா?' பொருமிக்கொண்டே திரும்பியவள், ஓரகத்தி கைப்பையை விட்டுவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தாள். முகத்திலேயே எறிந்துவிட்டு வரலாம் என்று அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

மாடிப்படித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது.

கீழ்ப்படியில் உட்கார்ந்து, புதுத் தையல் போட்ட திரையிலேயே கண்ணைத் துடைத்தபடி, போனில் பேசிக்கொண்டிருந்தாள் ஓரகத்தி.

"தம்பி, இன்னிக்கு உன் பொண்டாட்டி என்னைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டா. கை நடுங்கவே இல்லை, பார்த்துக்கிட்டே இருந்தேன்... சேச்சே, நான் எங்கே அழறேன்? திங்கட்கிழமை வரைக்கும் தினம் வரேன்ப்பா. நாளைக்கு எதுக்குச் சண்டை போடறதுன்னுதான் தெரியலை. நீயே நல்ல காரணமா ஒண்ணு யோசிச்சுச் சொல்லேன்!"